நோட்பேடில் சேமித்த தமிழ் கேள்விக்குறியாகிறது. வேறு எந்த எடிட்டர் நல்லது?

உங்கள் பதிவில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியலையும் அறிவிப்புகளையும் எளிய எச்டிஎம்எல் பக்கங்களாக எழுதுகிறீர்கள். கணினி 2017இல் வாங்கிய விண்டோஸ் 10, நினைவகம் 4 ஜிபி, நெட் இணைப்பு கிடையாது, எழுதியதைப் பென் டிரைவில் கொண்டுபோய் வேறிடத்தில் ஏற்றுகிறீர்கள். அதற்கு இலவசமான, கனமில்லாத டெக்ஸ்ட் எடிட்டர் எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் வாட்டுவது கடைசி வரியில் இருக்கிறது: நோட்பேடில் அடித்துச் சேமித்தது மறுநாள் திறந்தால் முழுக்கக் கேள்விக்குறியாக இருக்கிறது, எடிட்டரை மாற்றினால் சரியாகுமா? முதல் கேள்விக்குப் பதில் நோட்பேட்++. இரண்டாவதற்குப் பதில், மாற்றினால் மட்டும் சரியாகாது. கோப்பு எந்த என்கோடிங்கில் சேமிக்கப்படுகிறது என்பது தெரிந்தால் பழைய நோட்பேடிலேயே தமிழ் பத்திரமாக இருக்கும். தெரியாவிட்டால் எந்த எடிட்டரிலும் கெடும். பல ஆண்டுகளாகத் தமிழ் நூல்களை மின்னுரையாக்கும் வேலையிலும் சிறு அமைப்புகளுக்குப் பக்கங்கள் எழுதிக்கொடுக்கும் வேலையிலும் இருக்கிறேன். ஒருவருடைய உழைப்பு இந்த ஒரே காரணத்தால் வீணாவதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டெக்ஸ்ட் கோப்புக்குள் எழுத்துகள் இல்லை, எண்கள்தான் வரிசையாக இருக்கின்றன. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் ஏற்பாடுதான் என்கோடிங். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொது அட்டவணை யூனிகோட். அதில் தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட பகுதி இருக்கிறது. அந்த எண்களைக் கோப்பில் எழுதும் முறைகளில் ஒன்று யூடிஎஃப்-8. அதில் எழுதினால் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடுக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறிகள். கோப்பில் 15 பைட். இதற்கு நேர்மாறாக, பழைய நோட்பேட் 'ஆன்சி' என்று சொல்வது நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 அட்டவணை. அதில் மொத்தமே 256 இடங்கள், தமிழுக்கு ஒன்றுகூட இல்லை. தமிழில் அடித்துவிட்டு ஆன்சியில் சேமிக்கச் சொன்னால், இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டுப் போய்விடும். சேமிக்கும் நேரத்தில், யூனிகோட் எழுத்துகள் போய்விடும் என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும். அவசரத்தில் எல்லோரும் 'ஓகே' அழுத்துகிற பெட்டி அது. 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பில்தான் நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8இல் சேமிக்கத் தொடங்கியது. உங்கள் கணினி 2017இல் வாங்கியது, நெட்டும் இல்லை என்பதால் அந்த அப்டேட் வந்திருக்காது என்பது என் ஊகம். ஊகம்தான், 'சேவ் ஆஸ்' பெட்டியின் அடியில் 'என்கோடிங்' என்ற இடத்தில் 'ஆன்சி' என்று இருந்தால் உறுதியாகிவிடும். எடிட்டர் மாற்றும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, இன்றைக்கே அந்த இடத்தில் யூடிஎஃப்-8 என்று மாற்றிச் சேமியுங்கள். அதே பட்டியலில் 'யூனிகோட்' என்று தனியாக ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது யூடிஎஃப்-16. தமிழ் கெடாதுதான், ஆனால் எச்டிஎம்எல் பக்கங்களுக்கு யூடிஎஃப்-8தான் என்று தரநிலையே சொல்கிறது.

இனி, கெட்டுப்போனவை. தமிழ் கெடுவதில் நான்கு விதம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. வரிசையாகச் சாதாரணக் கேள்விக்குறிகள் என்றால் சேமிக்கும்போதே தமிழ் அழிந்துவிட்டது. அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியே இல்லை. அப்படி மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருளில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், இது உறுதி. வேறு பிரதி இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். மேலே சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', இப்படியே பக்கம் முழுக்க வந்தால் பயப்பட வேண்டாம். தமிழ் அப்படியே இருக்கிறது, படிக்கும் பிரவுசர்தான் விண்டோஸ்-1252 என்று நினைத்துப் படிக்கிறது. தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றேதான், அதனால்தான் அந்த 'ஏ' திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றாவது, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி. இது முதலில் சொன்ன கேள்விக்குறி இல்லை. கோப்பு வேறு ஏதோ என்கோடிங்கில் இருக்கிறது, அதை யூடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் மீட்டுவிடலாம், அந்த நிலையில் மேலே எதுவும் அடித்துச் சேமிக்காமல் இருந்தால். நான்காவது, வெறும் கட்டங்கள்: எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 10இல் நிர்மலா யூஐ கூடவே வருவதால் உங்களுக்கு இது நேர வாய்ப்பில்லை. நீங்கள் 'கேள்விக்குறி' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். முதல் வகையா மூன்றாவது வகையா என்று கோப்பைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. அதனால் அந்தக் கோப்புகளை இப்போதைக்கு அழிக்காதீர்கள்.

நோட்பேட்++ஐ ஏன் சொல்கிறேன் என்றால், கோப்பின் என்கோடிங் என்ன என்பதை அது எப்போதும் கண் முன்னால் வைத்திருக்கிறது. கீழே வலது மூலையில் 'யூடிஎஃப்-8' என்றோ 'ஆன்சி' என்றோ எழுதியிருக்கும், பக்கத்திலேயே வரி முடிவு விண்டோஸ் வகையா யூனிக்ஸ் வகையா என்பதும் இருக்கும். தமிழில் வேலை செய்கிறவருக்கு இதைவிட முக்கியமான வசதி வேறில்லை என்பது என் எண்ணம். டான் ஹோ என்பவர் 2003 நவம்பரில் வெளியிட்டது. சின்டில்லா என்ற கட்டற்ற எடிட்டர் கூறின்மேல் சி++இல் கட்டியது. யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்கிற ஜிபிஎல் உரிமம் என்பதால் நூலகத்துக்கும் தடையில்லை. 4 ஜிபி கணினியில் திறந்தது தெரியாமல் திறக்கும். அதிகாரபூர்வத் தளத்தில் இன்ஸ்டாலரோடு போர்ட்டபிள் ஜிப் ஒன்றும் கிடைக்கிறது. நெட் உள்ள இடத்தில் அதை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து, உங்கள் கணினியின் ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபோல்டரில் விரித்துக்கொள்ளுங்கள். பென் டிரைவிலிருந்தே ஓட்டவும் முடியும். நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது: சேமிக்காத கோப்புகளின் நகலைச் சில விநாடிக்கு ஒருமுறை, வழக்கமாக 7 விநாடி, அது எடுத்துவைத்துக்கொள்ளும். கரண்ட் போய்க் கணினி அணைந்தாலும் மறுபடி திறக்கும்போது எழுதியது இருக்கும். போர்ட்டபிள் பதிப்பில் அந்த நகல் அதே ஃபோல்டருக்குள்தான் போகிறது. பென் டிரைவைப் பிடுங்கினால் அதுவும் போச்சு. தேடும்போது முதலில் வருகிற ஏதோ ஒரு டவுன்லோட் தளத்திலிருந்து மட்டும் இறக்காதீர்கள்.

நிறுவியதும் ஒருமுறை செய்ய வேண்டியவை கொஞ்சம். செட்டிங்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் நியூ டாக்குமென்ட். அங்கே யூடிஎஃப்-8 தேர்ந்திருக்க வேண்டும், 'பிஓஎம்' சேர்ந்தது அல்ல (அது என்னவென்று கீழே சொல்கிறேன்). பக்கத்தில் 'அப்ளை டு ஓப்பண்ட் ஆன்சி ஃபைல்ஸ்' என்ற பெட்டி இருக்கும், அதிலும் டிக் இருக்கட்டும். ஆங்கிலம் மட்டும் உள்ள பழைய கோப்பைத் திறந்து தமிழ் சேர்க்கும்போது அது காப்பாற்றும். பிறகு எழுத்துரு. வழக்கமாக வரும் கூரியர் நியூவில் தமிழ் கிடையாது, விண்டோஸ் வேறொன்றைக் கடன் வாங்கிக் காட்டுவதால் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும். ஸ்டைல் கான்ஃபிகரேட்டரில் டிஃபால்ட் ஸ்டைலுக்கு நிர்மலா யூஐ, அளவு 13, 14 என்று வைத்தால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கண் வலிக்காது.

என்கோடிங் மெனுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நல்ல கோப்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள். அதில் மேலே ஒரு தொகுதி, கீழே 'கன்வெர்ட் டு' என்று தொடங்கும் இன்னொரு தொகுதி. இரண்டும் ஒன்றல்ல. மேலே உள்ளவை கோப்பில் இருக்கும் பைட்டுகளைத் தொடாமல், 'இதை இப்படிப் படி' என்று மட்டும் சொல்கின்றன. கீழே உள்ளவை பைட்டுகளையே மாற்றி எழுதுகின்றன. திரையில் தமிழ் சரியாகத் தெரியாதபோது 'கன்வெர்ட்' அழுத்தினால் குப்பையைக் குப்பையாகவே உறுதி செய்துவிடுவீர்கள். முதலில் மேல் தொகுதியில் மாற்றிப் பார்த்து, தமிழ் ஒழுங்காகத் தெரிந்த பிறகே கீழ்த் தொகுதிக்கு வர வேண்டும். அதற்கும் முன்னால் கோப்பை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்டிஎம்எல் எழுதுவதில் உங்களுக்குச் சிரமம் இருக்காது. கோப்பை எச்டிஎம்எல் என்ற பின்னொட்டோடு சேமித்த உடனேயே டேக்குகள் நிறம் மாறும். ஒரு டேக்கின் மேல் கர்சரை வைத்தால் அதன் ஜோடி ஒளிரும், மூடாமல் விட்டது அதிலேயே தெரிந்துவிடும். வியூ மெனுவிலிருந்து அப்படியே பிரவுசரில் திறந்து பார்க்கலாம், நெட் தேவையில்லை. முக்கியம் இதுதான்: ஹெட் டேக் திறந்த அடுத்த வரியிலேயே மெட்டா டேக்கில் சார்செட் யூடிஎஃப்-8 என்று அறிவித்துவிடுங்கள். அந்த அறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழில் நீளமாக ஒரு குறிப்பை மேலே எழுதி, அதன் கீழே சார்செட்டைப் போட்டால், ஒரு குறிக்கு 3 பைட் என்ற கணக்கில் சுமார் 340 குறிகளிலேயே அந்த எல்லை தாண்டிவிடும். பிரவுசரில் அந்தச் சாய்கோட்டு 'ஏ' வருவதற்கு நான் பார்த்த வரையில் முதல் காரணம் இந்த அறிவிப்பு இல்லாதது, அல்லது கீழே தள்ளிப்போனது. எச்டிஎம்எல் டேக்கிலேயே மொழி தமிழ் என்றும் குறித்துவிடுங்கள், திரைவாசிப்பான் வைத்துக் கேட்கிற பார்வையற்ற வாசகருக்கு அது தேவை. வேர்டில் எழுதி இங்கே ஒட்டுகிறவர் என்றால் மேற்கோள் குறிகளைக் கவனியுங்கள். வேர்ட் போடும் வளைந்த மேற்கோள் உரைக்குள் இருந்தால் அழகு, டேக்குக்குள் வந்தால் இணைப்பு வேலை செய்யாது. பிஓஎம் வேண்டாம் என்று மேலே சொன்னேன். கோப்பின் தலையில் ஒளிந்திருக்கும் 3 பைட் அது. வெறும் எச்டிஎம்எல்லை அது கெடுப்பதில்லை, பிரவுசர்கள் புரிந்துகொள்ளும். நாளைக்கு அதே பக்கம் சர்வரில் ஓடும் பிஎச்பி நிரல் கோப்பானால் அப்போது தொல்லை கொடுக்கும். அதனால் இது என் பழக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் இல்லை.

புத்தகப் பட்டியலுக்கு வருவோம். வரிக்கு ஒரு புத்தகம் என்று வெறும் டெக்ஸ்டாகவே முதலில் அடித்துவிடுங்கள், டேக் எதுவும் வேண்டாம். முடித்த பிறகு கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் ரீப்ளேஸ் பெட்டி வரும். அடியில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' தேர்ந்தெடுத்து, தேடும் இடத்தில் ^(.+)$ என்று போடுங்கள், காலியாக இல்லாத ஒவ்வொரு வரியும் என்று பொருள். மாற்றும் இடத்தில் பட்டியல் வரிக்கான திறப்பு டேக், உடனே $1, உடனே மூடும் டேக். புள்ளி புதுவரியையும் பிடிக்கும் என்கிற சிறு பெட்டியில் மட்டும் டிக் இருக்கக் கூடாது, இருந்தால் பட்டியல் முழுவதும் ஒரே ஜோடி டேக்குக்குள் போய்விடும். 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்தினால் ஆயிரம் புத்தகமானாலும் கண் மூடித் திறப்பதற்குள் டேக்கோடு நிற்கும். டேக் இல்லாத அந்த மூலப் பட்டியலைத் தனிக் கோப்பாக எப்போதும் வைத்திருங்கள், புதுப் புத்தகம் அதில்தான் சேர வேண்டும்.

ஆனால் அகர வரிசைக்கு இந்த எடிட்டரை நம்பாதீர்கள். எடிட் மெனுவில் வரிகளை வரிசைப்படுத்தும் வசதி இருக்கிறது, அதன் வழக்கமான வகை யூனிகோட் எண் வரிசையில்தான் அடுக்கும். அந்த வரிசையில் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே ஜ உட்கார்ந்திருக்கிறது. ந-வை ஒட்டி ன. ர-வை ஒட்டி ற. ல, ள, ழ முடிந்த பிறகே வ. நம் நெடுங்கணக்கில் க, ங, ச, ஞ என்று தொடங்கி, ய, ர, ல, வ முடிந்து ழ, ள, ற, ன என்று போகும். புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பதால் 'க்' என்பது 'கௌ'வுக்கும் அப்புறம் போய்விடும். அகராதி பார்த்துப் பழகிய பெரியவர் 'வ'-வில் தேடுகிற புத்தகத்தை 'ழ'-வுக்கு முன்னால் பார்த்து, அங்கே இல்லையே என்று போய்விடுவார். நூலகத்துக்கு இது சின்ன விஷயமில்லை. இதற்கு மட்டும் லிப்ரே ஆஃபிஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருளில் பட்டியலைப் போட்டு, சார்ட் பெட்டியின் ஆப்ஷன்சில் மொழி தமிழ் என்று தேர்ந்தெடுத்து அடுக்கிக்கொண்டு, மறுபடி இங்கே ஒட்டுங்கள். அதுவும் இலவசம்தான்.

தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. நோட்பேட்++ குறிகளை அப்படியே ஒப்பிடுவதால் ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. பல இடங்களிலிருந்து வெட்டி ஒட்டிய பட்டியலில் இது நிச்சயம் இருக்கும். கொம்பையும் காலையும் சேர்த்துத் தேடி, ஒற்றைக் குறியாக மாற்றிவிடுங்கள், ஓகாரத்துக்கும் அப்படியே. 'ஶ்ரீ'யிலும் இதே கதை: 'ஸ'-வில் தொடங்குவது பழையது, 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'-வில் தொடங்குவது இன்னொன்று. எதை வைத்துக்கொண்டாலும் பட்டியல் முழுக்க ஒன்றாக இருக்கட்டும்.

நூலகத்தில் பாமினி என்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால், அவற்றை டெக்ஸ்ட் எடிட்டரில் திறக்கும்போது ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். அது கெட்டுப்போகவில்லை. அந்தக் காலத்தில் எழுத்துருதான் தமிழைக் காட்டியது, கோப்புக்குள் இருப்பது ஆங்கில விசைகளின் எண்கள். டெக்ஸ்ட் கோப்பு எழுத்துருவைச் சுமந்து வராது என்பதால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. டிஸ்கி போன்ற பழைய தமிழ் என்கோடிங்குகள் வேறு வகை, 256 இடங்களில் மேல் 128 இடங்களில் தமிழை வைத்தவை. தமிழ் நூல்களை மின்னுரையாக்கி இலவசமாக வெளியிட 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமே முன்பு டிஸ்கியில் நூல்களை வெளியிட்டுப் பிறகுதான் யூனிகோடுக்கு வந்தது. இவற்றை என்கோடிங் மெனுவால் மாற்ற முடியாது, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற தனி மாற்றி வேண்டும். மாற்றிய பிறகு ஒருமுறை உட்கார்ந்து படித்துத் திருத்துங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த வரிகளில் ஆங்கிலச் சொல்லையும் தமிழாக்கி வைத்திருக்கும்.

மற்ற எடிட்டர்களைப் பற்றிக் கேட்டதால் சுருக்கமாக. விஎஸ் கோட் இலவசம், திறமையானது. ஆனால் உள்ளே ஒரு முழு பிரவுசரையே சுமந்து ஓடுவதால் 4 ஜிபி கணினிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸ் போட்டால் மவுஸ்பேட் அல்லது ஜீனி, இரண்டும் எடையற்றவை. மேக் உள்ள நண்பர் டெக்ஸ்ட்எடிட்டில் புதிதாக எழுதத் தொடங்கினால் முதலில் ஃபார்மேட் மெனுவில் 'மேக் பிளெயின் டெக்ஸ்ட்' அழுத்தச் சொல்லுங்கள், அது வழக்கமாக ரிச் டெக்ஸ்டில்தான் தொடங்கும். எல்லா எடிட்டருக்கும் பொதுவான ஒரு தொல்லை: ஒரு பத்தியை வரி உடைக்காமல் பக்கக்கணக்கில் நீட்டிக்கொண்டே போனால் வேகம் குறையும். எச்டிஎம்எல்லில் வரி உடைப்பு ஒரு இடைவெளியாகத்தான் கணக்காகும், தாராளமாக உடைக்கலாம். சொல்லின் நடுவில் மட்டும் உடைக்காதீர்கள், பக்கத்தில் அந்தச் சொல் இரண்டாகத் தெரியும்.

ஏற்றுவதற்கு முன், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் கோப்புப் பின்னொட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். நோட்பேடில் சேமித்தவற்றில் சில எச்டிஎம்எல்லுக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்ற வாலோடு இருக்கலாம். அவை பக்கமாகத் திறக்காது. கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும், பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸ் என்பதால் அங்கே அவை இரண்டு வேறு கோப்புகள். உங்கள் கணினியில் நன்றாக ஓடிய இணைப்பு ஏற்றிய பிறகு அறுந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கேள்விக்குறியாகிப் போன கோப்புகளில் ஒன்றை நோட்பேட்++இல் திறந்து, கீழே வலது மூலையில் என்ன எழுதியிருக்கிறது, திரையில் தெரிவது நான் சொன்ன நான்கில் எது என்று எழுதுங்கள். மூன்றாவது வகையாக இருந்தால், எந்த என்கோடிங்கில் திறந்தால் தமிழ் வரும் என்று சேர்ந்து பார்ப்போம்.